மூணு நிமிஷக் காதலும் மாணிக்கம் மாமாவின் பெல்லும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு காதல் படத்தோட ஆரம்பக் காட்சி எடுக்கணும். முழுப்படம் இல்லீங்க, ஆரம்பம் மட்டும். அவனும் அவளும் முதல் தடவையா பாத்துக்கறாங்க, படத்தோட பேரு வருது, முடிஞ்சுது. மூணு நிமிஷம்.

மூணு நிமிஷத்துல ஒருத்தி தன் மானத்தை எவ்வளவு தூரம் கப்பலேத்த முடியும்னு கேக்கறீங்களா? சொல்றேன்.

ரெண்டாயிரமாவது வருஷம். நான் பெங்களூர்ல ஒரு காலேஜ்ல டிகிரி கடைசி வருஷம். பத்திரிகை, ரேடியோ, சினிமா எல்லாத்தையும் கலந்துகட்டி ஒரு படிப்பு. தெனம் காலையில கோலார் தங்கவயல்லேருந்து ரயிலு, பங்காருபேட்டை வந்தா நசுங்கற கூட்டம், சாயந்திரம் அதே ரயில்ல திரும்பி வர்றது.

எங்க அப்பா ஊர்ல இருக்கற பெரிய ஃபேக்டரியில டர்னரு. இந்தப் படிப்பு மேல அவருக்கு சுத்தமா நம்பிக்கை கிடையாது. "இந்த சினிமா பேப்பர்ல ஃபெயிலானா அத்தோட போதும். டி.சி.ஹெச். சேர்ந்து டீச்சராயிடு"ன்னாரு. சொன்னதோட விடல. ஃபாரம் வாங்கியாந்து என் பேரு, பொறந்த தேதி வரைக்கும் நிரப்பி டி.வி. மேல வெச்சிட்டாரு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

டீச்சருங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா பத்துப் புள்ளைங்கள சேந்தாப்ல பாத்தா எனக்கு அப்பவே தலை சுத்தும். அதனால அந்தப் பேப்பருக்காக எடுக்கற மூணு நிமிஷம் எனக்கு உசுரு மாதிரி.

கதை ரெடி. எங்க ஊர்ல தங்கம் எடுத்துட்டு கொட்டின சயனைடு மண்ணு மலையா நிக்குமில்ல, அந்த மேட்டுல ஒரு பக்கமா அவன் ஏறி வரான். இன்னொரு பக்கமா அவ குடையோட ஏறி வரா. உச்சியில காத்துல குடை பறக்குது. அவன் புடிக்கிறான். ரெண்டு பேரும் பாத்துக்கறாங்க. வசனமே கிடையாது. எழுதி முடிச்சிட்டு நானே ரெண்டு தடவ படிச்சிப் பாத்து பெருமைப்பட்டுகினேன்.

ஹீரோயின் உடனே கிடைச்சா. ஸ்டெல்லா, எங்கூட ரயில்ல வர்ற ஃப்ரெண்டு. "குடை உன்துன்னா நான் வரேன்"னா.

ஹீரோதான் கிடைக்கல. எங்க ஏரியா பசங்க நாள் முச்சூடும் முனையில நின்னு விசிலடிப்பானுங்க. வந்து காதலிக்கற மாதிரி நடிடான்னா ஒருத்தனுக்கு காச்சல், ஒருத்தனுக்கு பாட்டி சீரியஸு, ஒருத்தன் "எங்கம்மா வையும்க்கா"ன்னு அழற மாதிரி ஆயிட்டான்.

கடைசியா நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்புல, எங்க லைன் வீடுங்களுக்குப் பின் லைன்ல இருக்கற பாஸ்கர். பாக்க லட்சணமா இருப்பான். அவன் ஒத்துகினான். அவங்க அம்மா சரோஜா அத்தை ஒத்துக்கல.

"இன்னா மஞ்சு இது? அவனுக்குப் பொண்ணு பாத்துகினு இருக்கோம். நாளைக்கு பொண்ணு வூட்டுக்காரங்க இந்தக் கேசட்ட பாத்துட்டு பையன் நடத்தை சரியில்லன்னுட்டா?"

"அத்தை, சும்மா பாக்கறதுதான். தொடறதுகூட கிடையாது."

"நான் கேசட்ட பாத்த பொறவுதான் நீ காலேஜ்ல குடுக்கணும். அப்படின்னா அனுப்பறேன்."

சரின்னேன். அப்போ உள்ளேருந்து அவங்க வீட்டுக்காரர் மாணிக்கம் மாமா வந்தாரு. மாமா சுரங்கத்துல முப்பது வருஷம் ஷாஃப்ட் குழியோட வாயில நின்னு பெல் அடிச்சவரு. ஆளுங்க ஏறின கேஜ், அதான் இரும்புக் கூண்டு, கீழ போறதும் மேல வர்றதும் நிக்கறதும் அவரு அடிக்கற பெல்லுலதான். ரிட்டயராயி ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் வீட்டுக்கதவ யாராச்சும் தொறந்தா "எத்தினி பேரு?"ன்னுதான் கேப்பாரு.

"எங்க எடுக்கற?"ன்னாரு.

"சயனைடு மேட்டுல மாமா."

"அது சரியற மண்ணு. நான் இல்லாம ஒருத்தரும் ஏறக்கூடாது."

சனிக்கிழமை காலையில ஏழு மணிக்குப் போறேன், மாமா எனக்கு முன்னாடியே அங்க நிக்கறாரு. நாலு ஹெல்மெட், ஒரு நோட்டு, ஒரு சுருள் கயிறு. ரெண்டு மூங்கில் நட்டு நடுவுல ஒரு பித்தளை மணி வேற. நோட்டுல எங்க பேரையெல்லாம் எழுதி, வந்த நேரம் போட்டுகினாரு. அப்புறம் ஹெல்மெட்ட எடுத்து பாஸ்கர் தலையில கவுத்தாரு.

"மாமா, ஹீரோ ஹெல்மெட் போட்டுகினு எப்படி காதலிக்கறது?"

"ஏன்? நான் முப்பது வருஷம் போட்டுகினுதான் ரெண்டு புள்ள பெத்தேன்."

ஸ்டெல்லா அங்கயே குந்திகினு சிரிக்க ஆரம்பிச்சிட்டா. அரை மணி நேரம் பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நடிக்கறப்ப ஹெல்மெட் கிடையாது. நடிச்சு முடிச்ச உடனே போட்டுக்கணும்.

கேமரா, ராபர்ட்சன்பேட்டையில வீடியோ கடை வெச்சிருக்கற குமார் அண்ணன்து. கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி தவிர அவரு வேற எதையும் எடுத்ததில்ல. கேமராவ வேற யார் கையிலயும் குடுக்கமாட்டாரு, அதனால அவரே வந்தாரு. வந்த உடனே சுத்திமுத்தி பாத்துட்டு, "முதல்ல ஒரு புள்ளையார் படம் எடுத்துடலாமா?"ன்னாரு.

"இது சினிமாண்ணே."

"சினிமாவுக்கு புள்ளையார் வேணாமா?"

கேமராவ பாத்தேன். ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனமும் குங்குமமும் அப்படியே காஞ்சு போயிருக்குது. ஓடுறப்ப எரியுமே ஒரு சின்ன சிவப்பு விளக்கு, சரியா அது மேலதான் பொட்டு. உள்ள கண்ண வெச்சா படம் தெரியுது, எழுத்து எதுவும் வரல. அது ரிப்பேராகி ரெண்டு வருஷமாம். பட்டன் ஒண்ணுதான். ஒரு தடவ அழுத்தினா ஓடும், மறுபடி அழுத்தினா நிக்கும்.

"அண்ணே, இப்போ ஓடுதா இல்லையான்னு எப்படி தெரியும்?"

"கை சொல்லும்மா. பதினஞ்சு வருஷமா அழுத்தின கை இது."

கேமராவ எதிர் மேட்டுல ஸ்டாண்டு போட்டு, உச்சியைப் பாக்க திருப்பி வெச்சாச்சு. நடுவுல பெரிய பள்ளம். காத்து வேற பேய்க்காத்து. நான் "ஸ்டார்ட்"டுன்னு தொண்டை கிழிய கத்தறேன், குமார் அண்ணன் காதுல கைய வெச்சி "இன்னா?"ங்கறாரு.

"இதுக்குத்தான் பெல்லு கொண்டாந்தேன்"னாரு மாமா. முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். "ஆரம்பிக்கறதுக்கு மூணு பெல்லு. நிறுத்தறதுக்கு ஒண்ணு. மேலேருந்து இறங்கறதுக்கு ரெண்டு. நாலு அடிச்சா..."

"மாமா, எதுக்கு இவ்வளவு? ஒரு பெல் போதும். அடிச்சா ஆரம்பம். திருப்பி அடிச்சா முடிஞ்சுது. குமார் அண்ணனும் ஒவ்வொரு பெல்லுக்கும் ஒரு தடவ பட்டன அழுத்தினா போதும்."

"அப்படி வெக்கக்கூடாதும்மா. நடுவுல ஒண்ணு பிசகிச்சின்னா அப்புறம் எல்லாம் தலகீழா ஓடும். அதனாலதான் ஒவ்வொரு வேலைக்கும் தனி கணக்கு."

"மாமா, இது சுரங்கம் இல்ல. சினிமா."

சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். நான் குமார் அண்ணன்கிட்ட போயி ஒரு பெல்லுக்கு ஒரு அழுத்துன்னு விளக்கிட்டு திரும்பி வந்தேன். மாமா மணிகிட்ட போயி, சத்தம் அந்தப் பக்கம் வரைக்கும் போவுதான்னு பாக்க ஒரு தட்டு தட்டினாரு. சுரங்கத்துல பெல்ல சோதிக்காம ஒரு ஆளையும் கேஜ்ல ஏத்தமாட்டாங்க, அந்தப் பழக்கம். எதிர் மேட்டுலேருந்து குமார் அண்ணன் கைய தூக்கிக் காட்டினாரு. சரி, கேக்குதுன்னு நெனச்சேன்.

முதல் டேக். பெல் அடிச்சாச்சு. ரெண்டு பேரும் ஏறினாங்க. குடை பறந்துச்சு. பாஸ்கர் அதைப் புடிக்காம, பஸ்ஸ விட்டவன் மாதிரி அது போற பக்கம் பாத்துகினு நின்னான். பெல் அடிச்சி நிறுத்திட்டு நான் மேல ஏறினேன்.

"இங்க பாரு ஸ்டெல்லா. இப்படி வரணும். இப்படி குடைய விடணும். அப்புறம் இவன இப்படிப் பாக்கணும். மனசுக்குள்ள பத்து எண்ணு. அதுவரைக்கும் கண்ண எடுக்காத." நானே குடைய விட்டு, பாஸ்கர் கண்ணப் பாத்து பத்து எண்ணிக் காட்டினேன்.

ரெண்டாவது டேக். ஸ்டெல்லா மூணு எண்ணறதுக்குள்ள சிரிச்சிட்டா. மறுபடி பெல்லு. மறுபடி நான் மேல. இந்தத் தடவ இருவது எண்ணிக் காட்டினேன்.

மூணாவது டேக்ல பாஸ்கர் முழங்கால் வரைக்கும் மண்ணுக்குள்ள போயிட்டான். மாமா ஒரு பெல் அடிச்சிட்டு கயிறோட ஓடினாரு. வெளிய இழுத்துப் போட்ட பொறவு அவன் தலையெல்லாம் மண்ணு. முன்ன எடுத்ததுல தலை சுத்தமா இருந்துச்சேன்னு, நான் என் துப்பட்டாவால ஒவ்வொரு முடியா தட்டிவிட்டேன்.

நாலாவது டேக். பாஸ்கர் மூஞ்சி பல்லுவலிக்காரன் மாதிரி இருந்துச்சு. நிறுத்திட்டு அவன் தாடையப் புடிச்சி ஸ்டெல்லா பக்கம் திருப்பினேன். "எவ்வளவு கிட்ட நிக்கணும்னு தெரியல மஞ்சு"ன்னான். ஒரே குடைக்குள்ள அவன்கூட நின்னு, "இந்த தூரம்"னு காட்டினேன். நடுவுல ஸ்டெல்லா கொண்டாந்த இட்லிய எல்லாரும் தின்னோம். அவன் கையெல்லாம் மண்ணா இருந்ததால ரெண்டு இட்லி நானே ஊட்டிவிட்டேன். டைரக்டர்னா சும்மாவா?

அஞ்சாவது டேக். என்னத்த சொல்றது. குடை பறந்துச்சு. பாஸ்கர் எட்டிப் புடிச்சான். ஸ்டெல்லா நிமிந்து பாத்தா. காத்துல முடி பறக்குது, பின்னாடி வெள்ளை மண்ணும் வானமும் மட்டும். நான் பத்து எண்ணி முடிக்கறதுக்குள்ள எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அன்னிக்கு நான் பெரிய டைரக்டர்னு நெசமாவே நம்பினேன்.

பெல் அடிச்சாச்சு. குமார் அண்ணன் கட்டை விரல தூக்கிக் காட்டினாரு. மாமா நோட்டப் பாத்து, "ஏறினது ரெண்டு, இறங்கினது ரெண்டு"ன்னு கையெழுத்து போட்டாரு.

எடிட்டிங் மிஷினும் குமார் அண்ணன் கடையிலதான். அதையும் யாரையும் தொட விடமாட்டாரு. "பேரு போடணுமே, எழுதிக் குடும்மா"ன்னாரு. நான் ஒரு சீட்டுல மஞ்சு, பாஸ்கர், ஸ்டெல்லான்னு வரிசையா மூணு பேரையும் எழுதிக் குடுத்தேன். யாரு டைரக்டர், யாரு நடிப்புன்னு எழுதணும்னு தோணல. அவருதான் நாள் பூரா கூட இருந்தாரே, தெரியாதா இன்னா?

ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு கேசட் வந்துச்சு. நேரா சரோஜா அத்தை வீட்டுக்கு எடுத்துகினு போனேன். அத்தை ரெண்டு லைனுக்கும் சொல்லி வெச்சிருந்தாங்க. கூடத்துல கால் வைக்க எடமில்ல. எங்க அப்பா அயர்ன் பண்ண சட்டையோட முன்வரிசையில குந்திகினு இருந்தாரு. மறுநாள் காலையில கேசட்ட குடுக்கணும்.

டி.வி.யில முதல்ல புள்ளையார் வந்தாரு. சரி, போவட்டும்.

அப்புறம் ரோஜாப்பூ கொட்டிச்சு. நாதஸ்வரம் ஆரம்பிச்சுது. நடுவுல ஒரு பெரிய இதயம் விரிஞ்சுது. அதுக்குள்ள ஒரே குடை. குடைக்குள்ள நானும் பாஸ்கரும். கீழ எழுத்து நீந்தி வந்துச்சு. 'மஞ்சு – பாஸ்கர்'. அடுத்த வரியில சின்னதா 'தோழி ஸ்டெல்லா'.



டி.வி.க்குள்ள நான் பாஸ்கரப் பாக்கறேன். பத்து எண்ணற வரைக்கும் பாக்கறேன். மறுபடி பாக்கறேன், இந்தத் தடவ இருவது. அவன் தலையக் கோதறேன். தாடையப் புடிக்கறேன். இட்லி ஊட்டறேன். இட்லி வாய்க்குள்ள போற எடத்துல குமார் அண்ணன் படத்த நிறுத்தி, சுத்தி மின்மினிப்பூச்சி பறக்க விட்டிருந்தாரு. ஸ்டெல்லா ஓரத்துல ஹெல்மெட்டோட குந்திகினு கொட்டாவி விடறா. அந்த அஞ்சு டேக்ல ஒண்ணுகூட இல்ல. கண்ணு கலங்கின அந்த அஞ்சாவது டேக், சுத்தமா இல்ல.

அப்பாவப் பாக்க தைரியமில்ல.

மொத ஆளா சரோஜா அத்தை வாயத் தொறந்தாங்க. "தொடறதுகூட கிடையாதுன்னியேடி?"

மாணிக்கம் மாமா டி.வி.யவிட்டு கண்ண எடுக்காம, "ஒருத்தரும் ஹெல்மெட் போடல. தோழி மட்டும்தான் போட்டிருக்குது"ன்னாரு.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, குமார் அண்ணன் கடைக்கு போன் போட்டேன். "இன்னாண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க?"

குமார் அண்ணன் அமைதியா சொன்னாரு. "கேசட்டுல இருக்கறதத்தானேம்மா போட முடியும்? எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு, நீதான் பொண்ணுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"திருப்பி எடுக்கலாம்ணே, காலையில ஒரு மணி நேரம்."

"நான் மைசூர்ல ஒரு கல்யாணத்துக்கு கிளம்பிட்டேன்மா."

திரும்பி வந்தா அங்க பஞ்சாயத்தே நடக்குது. சரோஜா அத்தை கேசட்ட கையில வெச்சிகினு அழிச்சே ஆகணும்னு நிக்கறாங்க. "பொண்ணு வூட்டுக்காரங்க இத்த பாத்தா என் புள்ளைக்கு அடுத்த ஜென்மத்துலதான் கல்யாணம்." அப்பா, "டி.சி.ஹெச். ஃபாரத்துக்கு கடைசி நாள் எப்போ?"ன்னு யார்கிட்டயோ கேட்டுகினு இருந்தாரு.

மாமாதான் எழுந்தாரு. "கேசட்ட தொடாத சரோஜா. ஆக்ஸிடென்ட் ஆன எடத்துல ஒரு பொருளையும் நகத்தக்கூடாது. முதல்ல ரிப்போர்ட் எழுதணும்."

"எந்த ஆக்ஸிடென்ட்டு?"

"இதுதான். நான் சோதிக்க அடிச்ச பெல்லுக்கு அந்தாளு பட்டன அழுத்திட்டான். அப்போ ஓட ஆரம்பிச்சது, ஆரம்பிக்க அடிச்ச பெல்லுல நின்னுது. நிறுத்த அடிச்ச பெல்லுல ஓடிச்சு. கடைசி வரைக்கும் தலகீழு." என் பக்கம் திரும்பினாரு. "எழுதும்மா."

எழுதினேன். வேற வழி? மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். சுரங்கத்துல விபத்து நடந்தா எப்படி எழுதுவாங்களோ அதே மாதிரி. இடம், நேரம், வேலையில இருந்தவங்க. பெல் குடுத்தது யாரு, வாங்கினது யாரு. சிவப்பு விளக்கு மேல குங்குமம் இருந்த விவரம். அஞ்சு டேக்குல ஒவ்வொண்ணா இன்னா நடந்துச்சு, நடுவுல நான் மேல ஏறி இன்னா செஞ்சேன், எத்தினி எண்ணினேன். விபத்துக்குக் காரணம்: ஒரே பெல்லுக்கு ரெண்டு வேலை குடுத்தது, எச்சரிச்சும் கேக்காதது. பொறுப்பு: டைரக்டர். அந்த எடத்துல மாமா கொஞ்சம்கூட ஈவு எரக்கம் காட்டல.

சரோஜா அத்தைக்காக தனியா ஒரு பாரா. 'மேற்படி பாஸ்கர் என்பவருக்கும் மேற்படி மஞ்சு என்பவருக்கும் எவ்வித சம்பந்தமும் கிடையாது. இட்லி, வேலை நிமித்தம் ஊட்டப்பட்டது.' அத்தை அதை ரெண்டு தடவ படிக்கச் சொல்லி கேட்டுட்டு, சாட்சிக் கையெழுத்து போட்டாங்க. அப்புறம்தான் கேசட் என் கைக்கு வந்துச்சு. மொத்தம் பதினோரு பக்கம். "ரிப்போர்ட் இல்லாம கேசட்ட எங்கயும் குடுக்காத"ன்னு மாமா ரெண்டையும் சேத்து கட்டிக் குடுத்தாரு.

திங்கக்கிழமை கிளாஸ்ல எங்க சார் எல்லாரையும் வெச்சிகினே கேசட்ட போட்டாரு. மின்மினிப்பூச்சி வந்தப்ப பின் பெஞ்சு பசங்க தரையில உருண்டானுங்க. சார் சிரிக்கல. விளக்கப் போட்டுட்டு கன்னடத்துல, "ஏனம்மா இது?"ன்னாரு. இன்னாம்மா இதுன்னு.

பொய் சொல்லிப் பாக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. வரல. மூட்டையப் பிரிச்சி ரிப்போர்ட்ட நீட்டினேன். சாருக்கு தமிழ் படிக்க வராது, அதனால என்னையே சத்தமா படிக்கச் சொன்னாரு. கன்னடமும் இங்கிலீஷும் கலந்து படிச்சேன். 'வேலை நிமித்தம்' வந்தப்ப சார் கண்ணாடிய கழட்டி கண்ணத் தொடச்சாரு.

பத்து நாள் கழிச்சு மார்க் வந்துச்சு. அந்தப் பேப்பர்ல படத்துக்கு அம்பது, எப்படி எடுத்தேன்னு எழுதறதுக்கு அம்பது. இப்படி ரெண்டாவதா ஒண்ணு இருக்கறதே எனக்கு மறந்துபோயிருந்துச்சு. ரிப்போர்ட்டத்தான் அதுன்னு சார் எடுத்துகினாரு. படத்துக்கு பன்னெண்டு. எழுதினதுக்கு முப்பத்தெட்டு. கூட்டினா சரியா அம்பது. அம்பதுதான் பாஸ் மார்க்கு.

அப்பாகிட்ட சீட்ட நீட்டினேன். ரெண்டு நம்பரையும் விரல வெச்சி வெச்சி ரொம்ப நேரம் பாத்தாரு.

"இந்தப் பன்னெண்டு எதுக்கு?"

"எடுத்ததுக்குப்பா."

"முப்பத்தெட்டு?"

"எடுத்தது எப்படி நாசமாப் போச்சுன்னு எழுதினதுக்கு."

அப்பா டி.வி. மேல இருந்த டி.சி.ஹெச். ஃபாரத்த எடுத்தாரு. ரெண்டா மடிச்சி, பின்பக்கம் வெள்ளையா இருக்கான்னு பாத்துட்டு எங்கிட்ட குடுத்தாரு. "அப்போ நாசம் பண்றதையும் எழுதறதையும் விட்டுடாத"ன்னாரு.

அப்பா பேச்ச நான் இதுவரைக்கும் தட்டினதில்ல.